கொழும்பிலிருந்து கடலடிக்கு: இளைஞர் குழுக்களுக்கு ஒரு ஸ்கூபா வழிகாட்டி

சாரணர் குழு, கோயில் இளைஞர் மன்றம், தேவாலய வாலிபர் சங்கம், ரொட்டராக்ட் கழகம் என்று கொழும்பில் ஏதாவது ஓர் இளைஞர் குழுவைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மாடி வீட்டு யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. அதே வீட்டுப் பிள்ளைகளில் பலர் கணுக்கால் நனைய நின்றதற்கு மேல் அந்தக் கடலுக்குள் போனதில்லை. அவர்களுக்குக் கடலை முறையாக அறிமுகப்படுத்துவது பெறுமதியான வேலை. அதற்கு ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு நீருக்கடியில் சுழியோடுவது, நல்ல வழி. ஆனால் ஒரு சுற்றுலாவை ஒழுங்கு செய்வது போல இதை ஒழுங்கு செய்ய முடியாது.

தனியாகப் பழகப் போகும் ஒருவருக்கும் குழுவாகப் போகும் பிள்ளைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, அந்தக் கூட்டம்தான். படகில் எட்டுப் பேர். ஏழு பேர் இறங்கிவிட்டார்கள். எட்டாவது பிள்ளைக்குக் காது வலிக்கிறது. சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், தன்னால் எல்லோருக்கும் தாமதம் என்று நினைத்து, பேசாமல் இறங்கிவிடுகிறது. சுறாவைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். எனக்குப் பயம் இந்த வெட்கத்தைப் பற்றித்தான். சுழியோடிகளிடையே உலகம் முழுக்க ஒரு விதி உண்டு: யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் சுழியோட்டத்தை நிறுத்தலாம். ஏன் என்று மற்றவர் குறை சொல்லக் கூடாது. கீழே வரும் படிகளையெல்லாம் அந்த விதிக்கு இடம் விட்டுத்தான் அடுக்கியிருக்கிறேன்.

எந்தச் சான்றிதழ், எந்த வயதுக்கு

ஸ்கூபாச் சான்றிதழை அரசாங்கம் கொடுப்பதில்லை. சர்வதேசப் பயிற்சி அமைப்புகள் கொடுக்கின்றன. இலங்கையில் அதிகம் காணப்படுவது 1966இல் தொடங்கிய ‘பாடி’ (PADI). அடுத்தது 1970இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. இரண்டில் எதை எடுத்தாலும் உலகம் முழுக்கச் செல்லும். எந்த அமைப்பு என்பதைவிட, எந்த ஆசிரியர் கற்பிக்கப்போகிறார் என்பதுதான் முக்கியம். எனக்குப் பழக்கமானது பாடியின் விதிமுறைகள் என்பதால் அவற்றை வைத்தே சொல்கிறேன்.

8 வயதிலிருந்து ‘பபிள்மேக்கர்’ என்ற சின்ன அனுபவம் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில், 2 மீற்றருக்கு மேல் இறங்காமல், நீருக்கடியில் மூச்சு விட்டுப் பார்ப்பதோடு சரி. 10 வயதிலிருந்து ‘டிஸ்கவர் ஸ்கூபா’ செய்யலாம். இது ஓர் அறிமுகம் மட்டுமே. ஆசிரியரின் நேரடிப் பார்வையில் அதிகபட்சம் 12 மீற்றர். இதை முடித்த பிள்ளை “நான் ஸ்கூபா முடித்துவிட்டேன்” என்று சொல்லும். முடிக்கவில்லை. சான்றிதழ் என்றால் ‘ஓப்பன் வோட்டர்’ படிப்புத்தான்.

ஓப்பன் வோட்டரையும் 10 வயதிலிருந்து படிக்கலாம், ஆனால் 15 வயது வரை கிடைப்பது இளையோர் அட்டை. 10, 11 வயதுக்காரர் 12 மீற்றருக்குக் கீழே போகக் கூடாது; பெற்றோர், பாதுகாவலர் அல்லது தொழில்முறைச் சுழியோடி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 12 முதல் 14 வரை சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவருடன் 18 மீற்றர் வரை போகலாம். 15 வயதில் வழக்கமான அட்டைக்கு மாறலாம்.

விதி 10 வயதுக்கு இடம் கொடுத்தாலும், குழுவாகக் கூட்டிப் போவதென்றால் சான்றிதழ்ப் படிப்பைத் தரம் 8க்கு மேற்பட்டவர்களோடு வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. படிப்பில் அழுத்தம், கன அளவு, நைதரசன் என்று விஞ்ஞானம் வருகிறது; அந்த வயதில் அதைப் பாடசாலையிலும் தொட்டிருப்பார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் இதற்கு மிகப் பொருத்தமான கூட்டம். வயதும் சரி, நேரமும் இருக்கிறது.

நீச்சல் முதலில்

ஓப்பன் வோட்டர் படிப்பை முடிக்க இரண்டு நீச்சல் சோதனைகள் உண்டு. எந்த முறையிலும், நேரக் கட்டுப்பாடின்றி, நிற்காமல் 200 மீற்றர் நீந்த வேண்டும். அல்லது மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்னோர்க்கல் (மூச்சுக் குழாய்) அணிந்து 300 மீற்றர். அத்துடன் 10 நிமிடம் கால் ஊன்றாமல் மிதக்க வேண்டும். வேகம் தேவையில்லை. தண்ணீரில் பதற்றமில்லாமல் இருக்கத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

குழுவில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாதிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நீச்சலுக்கென்று மூன்று நான்கு மாதங்களை ஒதுக்குங்கள். சுகததாச விளையாட்டரங்கத் தடாகம், கழகங்களின் தடாகங்கள், சில பாடசாலைகளின் தடாகங்கள் என்று கொழும்பில் இடம் இருக்கிறது. பாடசாலை வழியாக எழுதிக் கேட்டால் குழுவுக்கென நேரம் ஒதுக்கித் தருவதும் உண்டு. இந்த மாதங்கள் வீணாகப் போவதில்லை. ஸ்கூபாவே வேண்டாம் என்று பிறகு விலகும் பிள்ளைக்கும் நீச்சல் மிஞ்சுகிறது. சுற்றிலும் கடலும் நாடெங்கும் குளமும் உள்ள இந்த நாட்டில் அது சின்ன விசயமில்லை.

“நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பிடித்துக்கொள்வோம்” என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அறிமுக அனுபவத்துக்கு நீச்சல் கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் இளைஞர் குழு ஒன்றை அந்த வாக்கை நம்பிக் கடலில் இறக்காதீர்கள்.

பெற்றோர் கூட்டம்

நீச்சல் ஓரளவு வந்ததும் பெற்றோரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் ஸ்கூபா ஆசிரியரையும் அழைத்து, ஒரு தொகுதிக் கருவிகளை மேசையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான்.

“ஒட்சிசன் முடிந்தால் என்ன செய்வது?” முதுகில் இருப்பது ஒட்சிசன் அல்ல, வடிகட்டி அழுத்திய சாதாரணக் காற்று. வழக்கமான அலுமினிய உருளை ஒன்றில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2200 லீற்றர் காற்று இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் மானி கையெட்டும் தூரத்தில் தொங்குகிறது. 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். தவறிக் காற்று நின்றாலும் ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குக் கொடுக்க இன்னொரு வாய்க்குழாய் இருக்கிறது. அதைப் பகிர்ந்து மேலே வருவது படிப்பின் ஒரு பகுதி.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் உடையைப் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள். அவர்கள் கேட்கும் வரை இருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் வெட் சூட் அணியலாம். கடலில் அதுதான் நல்லதும்கூட, ஜெலி மீனிலிருந்தும் உராய்விலிருந்தும் காக்கும். அதற்குள் நீளக் காலுறையும் கைநீள நீச்சல் மேலாடையும் போடலாம். மாதவிடாய் நாளில் சுழியோடுவதற்கு மருத்துவத் தடை இல்லை. வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளைக்கு அன்று வேறு வேலை கொடுங்கள். பெண் ஆசிரியரோ உதவியாளரோ வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். உடை மாற்றும் இடத்தை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்றோரிடம் சொன்னால் பாதித் தயக்கம் அங்கேயே தீரும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். இணையவழிப் பாடக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், கருவி வாடகை, தடாகம், படகு, தங்குமிடம், வான் என்று எல்லாம் தனித்தனியாக வரும். “மொத்தமாக இவ்வளவு” என்று ஒரு நிலையம் சொன்னால் இவற்றில் எவை உள்ளடங்கியவை என்று எழுத்தில் வாங்குங்கள். இடையில் விலகும் பிள்ளைக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை மறக்காமல் கேளுங்கள். “கட்டின காசு போகிறதே” என்ற எண்ணம் பிள்ளையைக் கடலுக்குள் தள்ளக் கூடாது.

மருத்துவப் படிவம்

இதை ஒரு கையெழுத்து வேலையாக நினைக்காதீர்கள். பெரும்பாலான பெரிய அமைப்புகள் இப்போது ஒரே மாதிரியான மருத்துவக் கேள்விப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. முதற் பக்கத்தில் 10 கேள்விகள். சிலவற்றுக்கு “ஆம்” என்றால் இரண்டாம் பக்கத்தில் விளக்கக் கேள்விகள் வரும்; சிலவற்றுக்கு நேராக வைத்தியரிடம் போக வேண்டும். அவர் பரிசோதித்துக் கையெழுத்திட்டால்தான் தண்ணீரில் இறங்கலாம்.

நம்முடைய வீடுகளில் மறைக்கப்படும் விசயங்கள் சில உண்டு. சின்ன வயதில் தொய்வு இருந்தது, இப்போது இல்லை என்று சொல்லாமல் விடுவார்கள். வலிப்பு வந்ததைக் கல்யாணப் பேச்சுக்கே சொல்லாதவர்கள் இதற்குச் சொல்வார்களா? ஆகவே படிவத்தைப் பிள்ளைகளின் கையில் கூட்டமாகக் கொடுத்து வகுப்பில் நிரப்பச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு அனுப்பி, பெற்றோருடன் தனியாக நிரப்பி, உறையில் மூடித் தரச் சொல்லுங்கள். தொய்வு, நெஞ்சுச் சளி, காதுச் சவ்வில் ஓட்டை, பீனிசம், இருதய வருத்தம், நீரிழிவு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, தொடர்ந்து எடுக்கும் மருந்து எதையும் விட வேண்டாம். “ஆம்” என்று எழுதியதால் வாய்ப்புப் போய்விடாது, முடிவு வைத்தியருடையது. விலக நேர்ந்தால் காரணத்தைக் குழுவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்பதையும் பெற்றோருக்கு உறுதியாகச் சொல்லுங்கள்.

கண்ணாடி போடும் பிள்ளைகள் கேட்பார்கள். மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது, விளிம்பு வழியே தண்ணீர் வரும். பவர் உள்ள மாஸ்க் கிடைக்கும். மென்வில்லை (கொன்டக்ட் லென்ஸ்) அணிபவர்கள் அதனுடனேயே இறங்கலாம்.

நிலையத்தையும் ஆசிரியரையும் தெரிவு செய்தல்

கல்கிசை, நீர்கொழும்பு, ஹிக்கடுவை, உனவட்டுன, திருகோணமலை என்று நிலையங்கள் பரவிக் கிடக்கின்றன. குழுவைக் கூட்டிப் போகும் முன் பொறுப்பாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் உறுப்பினர் இலக்கத்தை வாங்கி, அவருக்குக் கற்பிக்கும் தகுதி இப்போது நடப்பில் உள்ளதா என்று அந்த அமைப்பின் இணையத்தளத்தில் சோதியுங்கள். இலக்கத்தைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளைகளை விட வேண்டாம்.

படகில் அவசர முதலுதவிக்கான ஒட்சிசன் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் உடம்புக்கு ஏற்ற சிறிய அளவுக் காற்றுச் சட்டையும் (மிதப்பைச் சரிசெய்யக் காற்று ஏற்றி இறக்கும் சட்டை) சிறிய உருளையும் இருக்கின்றனவா? தொளதொளவென்று தொங்கும் சட்டையோடு ஒரு பிள்ளையால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. காப்புறுதி யாரை உள்ளடக்குகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எண்ணிக்கை விசயத்தில் இறுக்கமாக இருங்கள். கடற்பயிற்சியில் ஓர் ஆசிரியருக்கு 8 மாணவர் வரை விதி அனுமதிக்கிறது. 10, 11 வயதுக்காரர் இருந்தால் மொத்தம் 4 பேர், அவர்களில் அந்த வயதினர் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நான் கேட்கச் சொல்வது, எந்த வயதானாலும் நாலு பேருக்கு ஓர் ஆசிரியர். செலவு கூடும். கூடட்டும்.

பாடமும் விளக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் புரியாத இடத்திலும் தலையாட்டிவிடுவார்கள். முதல் இரண்டு பாடங்களை நீங்களே அவர்களோடு உட்கார்ந்து தமிழில் பேசிப் பாருங்கள். தமிழ் தெரிந்த ஓர் உதவியாளர் தண்ணீரில் இருப்பது பெரிய பலம்.

தடாகத்தில்

படிப்பு மூன்று பகுதி. இணையத்தில் பாடம், தடாகத்தில் ஐந்து பயிற்சிகள், பிறகு கடலில் நான்கு சுழியோட்டங்கள். கடற்பகுதியை ஒரே நாளில் முடிக்க முடியாது, குறைந்தது இரண்டு நாள். இவற்றில் குழுவின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது தடாகம். இங்கே அவசரப்படாதீர்கள்.

பிள்ளைகள் முதலில் கேட்கும் விதி: ஒருபோதும் மூச்சை அடக்காதே. நீந்தப் பழகிய பிள்ளைக்கு இது தலைகீழான பாடம், ஏனென்றால் தண்ணீருக்குள் தலை போனதும் மூச்சைப் பிடிப்பதுதான் அதன் பழக்கம். காரணத்தை நம்முடைய மன்னார்க் கடலை வைத்தே விளக்கலாம். சிலாவத்துறையிலும் அரிப்பிலும் முத்துக்குளித்த சுழியோடிகள் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள், கல்லின் பாரத்தில். அதனால் அவர்களின் நுரையீரல் கிழியவில்லை. மேலே உள்ளிழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கே விரிந்தது. ஸ்கூபாவில் நாம் ஆழத்திலேயே காற்றை உள்ளிழுக்கிறோம். 10 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கி மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. ஆழமற்ற தடாகத்திலும் இந்தக் காயம் ஏற்படலாம். காரணம் புரிந்த பிள்ளை விதியை மறக்காது. வாய்க்குழாய் வாயில் இல்லாத நேரத்திலும் சின்னச் சின்னக் குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கப் பழக்குவார்கள்.

அடுத்தது மாஸ்க். அதிகமான பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. ஆசிரியர் முழங்காலில் இருக்கச் சொல்லி, மாஸ்க்கின் மேல் விளிம்பைச் சற்றுத் திறந்து தண்ணீரை உள்ளே விடச் சொல்வார். தண்ணீர் மூக்கைத் தொடும். அந்த நொடியில் பிள்ளை மூக்கால் மூச்சை இழுக்கும்; புரையேறும்; இரண்டு கையும் மேலே போகும்; எழுந்துவிடும். எழுந்து நிற்கக்கூடிய ஆழத்தில் இதைச் செய்விப்பதன் காரணம் அதுதான். சரியான முறை: வாயால் நிதானமாக இரண்டு மூச்சு, தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் நீளமாக ஊதுவது. தண்ணீர் கீழ் விளிம்பு வழியே வெளியேறும். இதற்கு முந்திய வாரங்களிலேயே ஓர் எளிய பயிற்சி கொடுக்கலாம். தடாகத்தின் ஆழமில்லாத பக்கத்தில், மாஸ்க் இல்லாமல் ஸ்னோர்க்கலை மட்டும் வாயில் வைத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்லுங்கள். மூக்கு நனைந்திருக்க வாயால் மட்டும் மூச்சு விடுவது பழகிவிட்டால், பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

மூன்றாவது காது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காதுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். இதை இறங்கத் தொடங்கும்போதே செய்ய வேண்டும். ஒவ்வொரு மீற்றருக்கும், வலி வரும் முன்னரே. வலித்தபின் பலமாக ஊதினால் காது கெடும். வலித்தால் ஒரு மீற்றர் மேலே வந்து திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இயலாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். தடிமன் பிடித்த பிள்ளையை இறக்கவே கூடாது. மூக்கடைப்புக்கு மருந்து குடித்துவிட்டு இறங்குவதும் வேண்டாம், ஆழத்தில் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது சிக்கல்.

கைச் சைகைகளை வீட்டிலேயே பழகலாம். பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் “நான் நன்றாக இருக்கிறேன்”. பெருவிரலை உயர்த்தினால் “மேலே போவோம்”. படம் எடுக்கும்போதெல்லாம் பெருவிரல் காட்டிப் பழகிய பிள்ளைகள் இதில் குழம்புவார்கள், திரும்பத் திரும்பப் பழக்குங்கள். விரித்த கையை இருபக்கமும் ஆட்டினால் “ஏதோ சரியில்லை”, பிறகு காதைத் தொட்டுக் காட்டினால் காதில் பிரச்சினை.

இங்கேதான் பொறுப்பாளரின் முக்கியமான வேலை. தடாகத்தில் ஒவ்வொரு பிள்ளையையும், பிரச்சினை இல்லாத பிள்ளையையும்கூட, குறைந்தது ஒரு தடவை பெருவிரலை உயர்த்தி மேலே வரச் செய்யுங்கள். ஒரு பயிற்சியாகவே செய்யுங்கள். எல்லோரும் ஒருமுறை நிறுத்திப் பார்த்த பிறகு, நிறுத்துவது வெட்கப்பட வேண்டிய காரியமாக இருக்காது. யாராவது “மிஸ், இன்றைக்கு எனக்கு வேண்டாம்” என்றால், “சரி தங்கச்சி, துவாயை எடுத்துக்கொண்டு வா, இவர்கள் எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள், எவ்வளவு காற்று மிச்சம் என்று எனக்கு எழுதித் தா” என்று உடனே ஒரு வேலை கொடுங்கள். ஏன் என்று மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள். “இவ்வளவு தூரம் வந்துவிட்டு...” என்ற வசனம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது, வேறு யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எந்தக் கடல், எந்த மாதம்

சோளகக் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு, தெற்குக் கடல்கள் கொந்தளிக்கும். அப்போது கிழக்கு அமைதி. வாடைக் காற்றுக் காலத்தில் கிழக்கு குழம்பும். மேற்கும் தெற்கும் ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும். பாடசாலைத் தவணை வருடத்துக்கு வருடம் மாறினாலும், பொதுவாக டிசம்பர், ஏப்ரல் விடுமுறை என்றால் ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம். ஓகஸ்ட் விடுமுறை என்றால் திருகோணமலை.

கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் கப்பல் சிதைவுகள் நிறைய உண்டு. 1917இல் ஜேர்மன் கப்பலான வூல்ஃப் விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கிய பெர்சியஸ், வூஸ்டர்ஷயர் இரண்டும் அங்கேதான் கிடக்கின்றன. பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்டதும் அங்கே போகத் துடிப்பார்கள். அவை புதியவர்களுக்கு உரிய ஆழத்தைவிட மிகக் கீழே உள்ளவை. 18 மீற்றர் அட்டையோடு கனவு காணலாம், இறங்கக் கூடாது.

தமிழ்ப் பிள்ளைகளின் முதற் கடலாகத் திருகோணமலையைத்தான் நான் விரும்புவேன். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு தேசியப் பூங்கா, ஆழமில்லாத பவளப்பாறை, மொழிப் பிரச்சினையும் குறைவு. அதோடு கோணேசர் மலை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் கற்களும் மலையடிவாரக் கடலில் கிடக்கின்றன. 1956இல் அங்கே சுழியோடிய மைக் வில்சன் கடலடியில் கண்டெடுத்த சுயம்புலிங்கம் இன்று மேலே கோயிலில் இருக்கிறது. அவருடன் இலங்கைக்கு வந்து சுழியோடிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கடைசிவரை கொழும்பிலேயே வாழ்ந்தார். பயிற்சிச் சுழியோட்டத்தை அந்த மலையடியில் வைக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போய், மேலே நின்று கீழே பார்க்கச் சொல்லுங்கள். படிப்பு எதற்கு என்று தனியாக விளக்கத் தேவையிருக்காது.

படகு நாளில் காலைச் சாப்பாடு அளவாக இருக்கட்டும், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இடியப்பமும் வாழைப்பழமும் போதும். சத்தி வரும் பிள்ளைக்குக் குளிசை கொடுப்பதானால் வைத்தியரிடம் முதலே கேளுங்கள், சில குளிசைகள் தூக்கம் தரும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பவளத்தைத் தொடாதே, சிப்பியை எடுக்காதே, ஆமையைத் துரத்தாதே: இவற்றைப் படகில் ஏறும் முன் ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைபேசியும் கமராவும் முதல் நான்கு சுழியோட்டத்தில் தண்ணீருக்குள் வரக் கூடாது. படம் பிடிக்கும் பிள்ளை மானியைப் பார்க்காது.

கரையில் ஒருவர்

பெரியவர்கள் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் படகில், ஒருவர் கரையில். கரையில் இருப்பவரிடம் பெயர்ப் பட்டியல், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள், மருத்துவப் படிவங்களின் பிரதி, ஒரு வாகனம் இருக்க வேண்டும். அம்புலன்ஸ் சேவை இலக்கம் 1990. சுழியோடி வந்த பின் மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, நெஞ்சு வலி, காரணமில்லாத கடும் களைப்பு என்று பிள்ளை சொன்னால் “களைப்பாக இருக்கும், படு” என்று விட வேண்டாம். ஒட்சிசன் கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், சுழியோடியவர் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை வசதி திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. அவசரத்தில் யாரோடு தொடர்பு கொள்வது என்பதை நிலையத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருங்கள்.

பயண ஒழுங்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுழியோட்டத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும். ஆகவே ஒருமுறை மட்டும் இறங்கியிருந்தால் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. மலை ஏறுவதும் அதே கணக்குத்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். சனிக்கிழமை கடலில் இறங்கி, அன்றிரவே வானில் நுவரெலியாவுக்குப் போவதாகப் பயணத் திட்டம் போடாதீர்கள். மலைநாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மலை, பிறகு கடல். திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகக் கொழும்புக்குத் திரும்பும் பாதை தாழ்நிலம் என்பதால் அதில் பிரச்சினை இல்லை.

அட்டை கிடைத்த பிறகு

குழுவில் எல்லோருக்கும் ஒரே நாளில் சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சிலர் தடாகத்தோடு நின்றுவிடுவார்கள், சிலர் இரண்டாவது சுழியோட்டத்தில் நிறுத்தி அடுத்த பருவத்தில் முடிப்பார்கள். தொடங்கிய பயிற்சியை வேறொரு நிலையத்தில் தொடரவும் முடியும். அதுவரை செய்து முடித்தவற்றை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசளிப்பு விழா வைப்பதானால் சான்றிதழ் பெற்றவர்களை மட்டும் மேடைக்குக் கூப்பிடாமல், நீச்சல் பழகி முடித்தவர்கள் உட்பட எல்லோரையும் கூப்பிடுங்கள்.

இதிலேயே மேலே போக விரும்புகிறவர்களுக்குப் பாதை இருக்கிறது. அடுத்த நிலைப் படிப்பில் பெரியவர்கள் 30 மீற்றர் வரை போகலாம். அதன் பிறகு வரும் ‘ரெஸ்கியூ’ (மீட்பு) படிப்பைத்தான் இளைஞர்களுக்கு நான் மிகவும் சிபாரிசு செய்வேன். அடுத்தவரின் கண்ணில் தெரியும் பதற்றத்தை முன்கூட்டியே கவனிக்க அது பழக்குகிறது. 18 வயதில், சுழியோட்ட வழிகாட்டியான ‘டைவ்மாஸ்டர்’ ஆகித் தொழிலாகவும் செய்யலாம். கல்வியில் நாட்டம் உள்ளவர்களுக்கு ருகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடம் இருக்கிறது. காலியில் கடல்சார் தொல்லியல் பிரிவு இருக்கிறது. இந்துசமுத்திரத்தில் கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய கப்பல் சிதைவுகளில் ஒன்று நம் தெற்குக் கரையில், கொடவாயவில்தான் கிடக்கிறது. அதை ஆராய்வதற்குச் சுழியோடத் தெரிந்த ஆட்கள் தேவை.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பதிவுக் கொப்பி வைத்திருக்கட்டும்: திகதி, இடம், ஆழம், நிமிடம், இறங்கும்போதும் ஏறும்போதும் இருந்த காற்று, கூட இறங்கியவரின் கையெழுத்து. அட்டைக்குக் காலாவதி இல்லை, கைப்பழக்கத்துக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், அடுத்த கடலுக்கு முன் ஆசிரியர் ஒருவருடன் மறுபடி தடாகத்தில் இறங்கி, மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.